கோப்பு முடிந்த பிறகு

கம்பளிச் சால்வையில் சுற்றி எடுத்துவந்தாள் டோப்ரிங்கா,
சூடாறாத ரொட்டி மாதிரி.
பிரித்தால் நாற்பது மெகாபைட் டிஸ்க்.
ருசே நகரில் அன்று டான்யூப் கரையோரம் உறைந்துகிடந்தது.
செருப்புக்கடைக்குக் கீழே என் அறை.
மின்சாரம் இரண்டு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும்.
வேகமாக நிரல் எழுத நான் கற்றது
அந்த இரண்டு மணி நேரங்களில்தான்.

தக்காளி ஆலையை யாரோ வாங்கிவிட்டார்கள்.
சம்பளபாக்கிப் பட்டியலில் இப்போது அறுபத்தொரு பெண்கள்.
"அறுபத்தெட்டு" என்றாள் டோப்ரிங்கா.
"தட்டச்சு செய்தவள் நான்.
கடைசி ஏழு பேர் இரவு ஷிப்ட், மூடி அடைக்கும் இயந்திரம்.
காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டார்கள்."

டாஸிடம் கேட்டேன்.
டாஸ் ஒரு நல்ல குமாஸ்தா.
கோப்பின் நீளம் மூவாயிரத்து ஐம்பது பைட்,
தேதி ஜனவரி ஒன்பது,
அடுத்த ஆள் வரலாம்.

அவரைச் சுற்றிக்கொண்டு கிடங்குக்குள் இறங்கினேன்.
அங்கே கோப்புகள் இல்லை, பெயர்கள் இல்லை.
சிலிண்டர், தலை, செக்டர்: மூன்று எண்கள்தான் முகவரி.
ஏ-ஹெச் பதிவகத்தில் இரண்டு என்றால் படி,
மூன்று என்றால் எழுது.
என் நிரலில் மூன்று இல்லை.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஓடவிட்டேன், இரண்டு முறை.

முதல் செக்டரின் வாலில் 55 AA. சரி.
அட்டவணையில் ஒவ்வொரு எண்ணும்
அடுத்த எண்ணின் வீட்டைக் காட்டும்:
118-ஐக் கேட்டால் 119 என்கிறது,
119-ஐக் கேட்டால் FFFF, இதோடு தீர்ந்தது என்கிறது.
எது தீர்ந்தது?
கிளஸ்டர் ஒன்றுக்கு நான்கு செக்டர்.
புதிய பட்டியல் இரண்டாவது கிளஸ்டரில்
இரண்டாவது செக்டரோடு நின்றுவிட்டது.
மூன்றாவதும் நான்காவதும் வாடகைக்கு எடுத்த அறைகள்.
குடிவந்தவன் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.
பழைய ஆளின் சாமான் அப்படியே கிடக்கிறது.

அழிப்பது என்றால் என்னவென்று
ஆலை முதலாளிக்குத் தெரியாது.
ஏழு வரிகளை நீக்கினார், அதே பெயரில் சேமித்தார்,
அது விழுந்ததும் அதே இடத்தில்.
கை கழுவினார், துடைக்கவில்லை.

திரையில் பதினாறு பதினாறாக எண்கள்.
நம் எழுத்துகள் 80-இல் தொடங்கும்.
கண் பழகிவிட்டால் படிக்கவே வேண்டாம், கேட்கும்.
ஆறு பெண்கள் முழுசாக வந்தார்கள்,
அப்பா பெயரோடு, பாக்கித் தொகையோடு.

ஏழாமவள்தான்
செக்டரின் விளிம்பில் நின்றிருந்தாள்.
முதல் இருபத்திரண்டு பைட்டைப் புதிய கோப்பின் ஓரம் தின்றுவிட்டது.
மிச்சம்: 8E 82 80.
ஓவா.

ருசேயில் பாதிப் பெண்கள் ஓவாவில்தான் முடிகிறார்கள்.
டோப்ரிங்கா முடிகிறாள், நான் முடிகிறேன்,
மேலே செருப்பு விற்பவளும்.

விளக்கு அணைந்தது.
இருட்டில் டிஸ்க் சுழன்று சுழன்று ஓயும் சத்தம்.
"தொகை இருந்ததா?" என்று கேட்டாள்.
"நாலாயிரத்து முந்நூற்று எண்பது லெவா."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. விரல் மடக்குகிறாள் போல.
"டிசம்பரில் கிறிஸ்துமஸ் அன்றுகூட வந்தவள் ஒருத்திதான்.
நெவியானா ஸாப்ரியானோவா.
அவளுக்குத்தான் அவ்வளவு வரும்."

நீதிமன்றத்தில் எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தார்.
"இந்த ஏழு பேர் கோப்பில் இல்லையே?"
"இல்லை. டிஸ்கில் இருக்கிறார்கள்."
அவர் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கடைசியில் 'வசிப்பிடம்' என்ற வரியில் எழுதிக்கொண்டார்:
சிலிண்டர் பத்து, தலை மூன்று, செக்டர் பதினொன்று.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
என் கூலியாக டோப்ரிங்கா கொண்டுவந்தது
லேபிள் ஒட்டாத, நெளிந்த தக்காளி டப்பாக்கள், பன்னிரண்டு.
ஒன்றின் மூடி சரியாக அடையவில்லை.
இரவு ஷிப்ட் போன பிறகு
செய்ததாக இருக்கும்.